குரோமுக்குக் கொள்ளுத்தாத்தா யாரு?

மக்களே, ஒரு சின்னக் கேள்வி. உங்க கணினியில் குரோம் இருக்கும். சில பேரிடம் எட்ஜ் இருக்கும் (விண்டோஸோடு தானா வந்தது, நீங்க கூப்பிடலை, தெரியும்). ஆப்பிள் வைத்திருக்கிற பெரும்புள்ளிகளிடம் சஃபாரி. மூன்றும் மூன்று கம்பெனி. ஒன்றுக்கொன்று ஆகவே ஆகாது. ஆனா மூன்றும் ஒரே தாத்தாவோட வாரிசுங்க. அந்தத் தாத்தா பேர் கே.எச்.டி.எம்.எல். கேள்விப்பட்டிருக்கீங்களா? நிறைய பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டாங்க, அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் ஆதாரம். ஒரு உலாவி எந்தத் தளத்துக்குப் போனாலும் வாசலில் நின்று "நான் இன்னார் வந்திருக்கேன்" என்று ஒரு வரி சொல்லும். குரோம் சொல்கிற வரியில் என்ன இருக்கு தெரியுமா? மொசில்லா, அப்புறம் ஆப்பிள் வெப்கிட், அடைப்புக்குறிக்குள் "கே.எச்.டி.எம்.எல்., கெக்கோ மாதிரி", அதற்கு அப்புறம்தான் குரோம், கடைசியில் சஃபாரி. எட்ஜ் இத்தனை பேரையும் சொல்லி முடித்துவிட்டு ஓரமா தன் பேரையும் ஒட்டிக்கொள்ளும். நம்மூர் ஃபிளெக்ஸ் பேனரில் மேலே தலைவர்கள் படமெல்லாம் வரிசையா இருக்க, கீழ் மூலையில் வட்டச் செயலாளர் கைகூப்பி நிற்பாரே... அதே டிசைன் :-)

இந்தப் பேனரில் இருக்கிற பெரியவர்கள் யார் யார் என்று பார்ப்போம்.

முதல் படம் மொசில்லா. 1993-ல் அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மார்க் ஆண்ட்ரீசனும் எரிக் பினாவும் மொசைக் என்று ஒரு உலாவி எழுதினார்கள். ஆண்ட்ரீசன் அப்போ நம்மை மாதிரி பட்டப்படிப்பு மாணவர். (நம்மை மாதிரி என்றால் வயசில் மட்டும்.) அடுத்த வருஷமே ஜிம் கிளார்க்கோடு சேர்ந்து மொசைக் கம்யூனிகேஷன்ஸ் என்று கம்பெனி ஆரம்பித்தார். பல்கலைக்கழகம் "பேர் எங்களோடது" என்று மல்லுக்கு நிற்க, கம்பெனி நெட்ஸ்கேப் ஆனது. அவங்க உலாவிக்கு வீட்டில் வைத்த செல்லப்பேர்தான் மொசில்லா. மொசைக்கைக் கடித்துத் தின்னப்போகிற காட்ஸில்லாவாம். 1995 ஆகஸ்ட் 9 அன்று பங்குச்சந்தைக்கு வந்தார்கள். காலையில் 28 டாலர் விலை வைத்த பங்கு, சந்தை மூடும்போது 58.25 டாலர். லாபம் என்பதைக் கண்ணால் பார்க்காத கம்பெனிக்கு!

ரெட்மண்டில் பில் கேட்ஸ் அண்ணாச்சிக்குத் தூக்கம் போச்சு. கையில் உலாவி இல்லை. எழுத நேரமும் இல்லை. மொசைக்கின் உரிமையைப் பல்கலைக்கழகத்திடம் வாங்கி வைத்திருந்த ஸ்பைகிளாஸ் என்ற கம்பெனியிடம் போய், குறிப்பிட்ட கால இடைவெளியில் ஒரு தொகை, அதுக்கு மேல் வருமானத்தில் ஒரு பங்கு என்று பேசி முடித்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர். பங்கு வரும் என்று ஸ்பைகிளாஸ்காரர்கள் காத்திருந்தால், மைக்ரோசாஃப்ட் உலாவியை ஓசியில் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. பூஜ்ஜியத்தில் பங்கு எவ்வளவு? கணக்கு வாத்தியாரைக் கேட்க வேண்டாம். சண்டை போட்டு 1997-ல் 80 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு ஒதுங்கினார்கள்.

இந்த எக்ஸ்ப்ளோரரும் வாசலில் நின்று "நான் மொசில்லா" என்றுதான் சொன்னது. அப்போ பல தளங்கள் நெட்ஸ்கேப்காரனுக்கு நல்ல பந்தி, மற்றவனுக்குத் திண்ணையில் பழைய சோறு என்று பரிமாறிக்கொண்டிருந்தன. பசிக்குப் பொய் சொன்னால் பாவமில்லை என்று ஆரம்பித்த வழக்கம்தான் இன்றைய பேனர் வரை வந்திருக்கு.

1997 அக்டோபரில் எக்ஸ்ப்ளோரர் 4 வெளியான ராத்திரி, மைக்ரோசாஃப்ட் ஆட்கள் தங்கள் 'இ' எழுத்தைப் பெரிய பொம்மையாச் செய்து நெட்ஸ்கேப் ஆபீஸ் புல்வெளியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்கள். நெட்ஸ்கேப் ஆட்கள் சும்மா விடுவார்களா? அதைக் கவிழ்த்துப் போட்டு, மேலே தங்கள் டைனோசர் பொம்மையை ஏற்றி, நெட்ஸ்கேப் 72, மைக்ரோசாஃப்ட் 18 என்று பலகையும் மாட்டினார்கள். ஹாஸ்டல் சண்டையெல்லாம் பிச்சை வாங்கணும். ஆனா அந்த 72 நிலைக்கவில்லை. 1998-ல் நெட்ஸ்கேப் தன் மூல நிரலை உலகத்துக்கே திறந்துவிட்டது, அதே வருஷம் ஏ.ஓ.எல். 420 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது, அமெரிக்க அரசு மைக்ரோசாஃப்ட் மேல் வழக்கு போட்டது. 2000-ல் கம்பெனியை இரண்டாப் பிளக்கச் சொன்னார் நீதிபதி, 2001-ல் மேல்கோர்ட் வேண்டாம் என்றது. எல்லாம் நடந்து முடிவதற்குள் நெட்ஸ்கேப் ஏறக்குறைய காலி.

ஜெயித்தவர் என்ன செய்தார்? தூங்கினார். 2001 ஆகஸ்டில் எக்ஸ்ப்ளோரர் 6. அடுத்த பதிப்பு 2006 அக்டோபரில். அஞ்சு வருஷம்! பொறியியல் படிப்பை ஒரு அரியர் வருஷத்தோடு முடித்துவிடலாம். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதையே பயன்படுத்தியதால் அவசரம் என்ன?

இதில் தமிழுக்கு வந்த அடியைச் சொல்லாமல் போக முடியாது. யூனிகோட் பரவுவதற்கு முந்தி, தமிழ்ப் பத்திரிகைத் தளங்கள் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தார்கள். வாசகர் கணினியில் அது இல்லையென்றால் தானா இறங்கிக்கொள்ளும் 'டைனமிக்' எழுத்துரு எக்ஸ்ப்ளோரருக்கு ஒரு வடிவம், நெட்ஸ்கேப்புக்கு வேறு வடிவம். நெட்ஸ்கேப் படுத்ததும் எக்ஸ்ப்ளோரர் வடிவம் மட்டும் மிச்சம். வேறு உலாவியில் திறந்தால் தலைப்புச் செய்தி, ராசிபலன், சினிமா விமரிசனம் எல்லாம் ஒரே கிறுக்கல், பூனை விசைப்பலகையில் நடந்த மாதிரி. லினக்ஸ் போட்டவன் தமிழே படிக்கக்கூடாதா? அதுக்காகவே பத்மா என்று ஒரு நீட்சியை எழுதி, பயர்பாக்ஸில் அந்தக் கிறுக்கலை யூனிகோடுக்கு மாற்றிப் படித்தார்கள். ஒரே உலாவிக்கு ஊரே எழுதிவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியலை.

பயர்பாக்ஸ் கதை பலருக்குத் தெரியும், வேகமாப் போயிடறேன். நெட்ஸ்கேப் திறந்துவிட்ட நிரலிலிருந்து வளர்ந்த கெக்கோ என்ற எஞ்சினைக்கொண்டு செய்தது. முதல் பேர் ஃபீனிக்ஸ், அதே பேரில் இன்னொரு கம்பெனி சண்டைக்கு வந்தது. அடுத்து ஃபயர்பேர்ட், அந்தப் பேரில் ஒரு தரவுத்தளம் ஏற்கனவே இருந்தது. மூணாவதா பயர்பாக்ஸ். 2004 நவம்பர் 9-ல் முதல் பதிப்பு. டிசம்பரில் ரசிகர்களே காசு போட்டு நியூயார்க் டைம்ஸில் இரண்டு பக்க விளம்பரம். நம்மூர் என்றால் கட்அவுட்டும் பாலாபிஷேகமும் நடந்திருக்கும்.

இப்போ தாத்தாவுக்கு வருவோம்.

1996-ல் ஜெர்மனியில் டூபிங்கன் பல்கலைக்கழக மாணவர் மத்தியாஸ் எட்ரிக், லினக்ஸுக்கு ஒரு ஒழுங்கான முகப்பு வேண்டும் என்று ஆரம்பித்தது கே.டி.இ. அதில் ஒரு உலாவி தேவைப்பட்டது. லார்ஸ் நோல் முன்னின்று இன்னும் சிலரோடு சேர்ந்து கே.எச்.டி.எம்.எல். எஞ்சினை எழுதினார். சம்பளக்காரப் பட்டாளம் கிடையாது, பெரும்பாலும் ஓய்வு நேர வேலை. அதை வைத்து 2000-ல் வந்த உலாவி கான்கரர். பேரைக் கவனிங்க: முதலில் நேவிகேட்டர் வழி காட்டினார், அடுத்து எக்ஸ்ப்ளோரர் தேடி வந்தார், மூணாவதா நாங்க கான்கரர், நாட்டையே பிடிக்கப்போறோம்! ஆனா பிடித்தது என்னவோ கே.டி.இ. பயன்படுத்துகிற நாலு தெரு.

2003 ஜனவரி 7. சான்பிரான்சிஸ்கோ மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ் சஃபாரியை அறிமுகப்படுத்துகிறார். எல்லோரும் உள்ளே கெக்கோதான் இருக்கும் என்று நினைத்திருந்தார்கள். ஏனென்றால் சஃபாரி குழுவின் தலைவர் டான் மெல்டன், முக்கிய நிரலாளர் டேவ் ஹயாட் இருவருமே நெட்ஸ்கேப் ஆட்கள். ஹயாட் பயர்பாக்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவர் வேறு. ஆனா அவங்க தேர்ந்தெடுத்தது கே.எச்.டி.எம்.எல்! அன்றைக்கே மெல்டன் கே.டி.இ. ஆட்களுக்கு மடல் போட்டு, 1,40,000 வரிக்கும் குறைவா, சுத்தமா எழுதியிருக்கீங்க என்று பாராட்டினார். ரகசியமா ஒரு வருஷத்துக்கும் மேலா வேலை நடந்தது, பெண் வீட்டுக்கே தாலி கட்டின பிறகுதான் தகவல்.

இதில் திருட்டு எதுவுமில்லை. கே.எச்.டி.எம்.எல். உரிமம் சொல்வது இதுதான்: எடுத்துக்கோ, மாற்றிக்கோ, ஆனா அதை வெளியிட்டால் மாற்றினதைத் திறந்து வை. பக்கத்து வீட்டில் மாவு வாங்கினால் பாத்திரத்தைக் காலியாத் திருப்பித் தரக்கூடாது என்று பாட்டி சொல்வாங்களே, அந்தச் சட்டம். ஆப்பிள் பாத்திரத்தைக் காலியா அனுப்பலை, நிறைச்சுத்தான் அனுப்பியது. ஆனா சாம்பார், ரசம், பாயசம் எல்லாத்தையும் ஒரே தூக்கில் கொட்டி! எந்த மாற்றம் எதுக்காகச் செய்தது என்று ஒரு விவரமும் இல்லாத மொத்த மூட்டைகள். 2005 ஏப்ரலில் ஆசிட்2 என்ற தேர்வில் சஃபாரி பாஸ் ஆனதும், "தம்பி பாஸாயிட்டான், நீ எப்போ?" என்று எல்லோரும் கான்கரரைக் கேட்க, கே.டி.இ. ஆட்களுக்கு வந்த கோபம் நியாயம்தான். சத்தம் கேட்டு, ஜூனில் ஆப்பிள் வெப்கிட்டின் களஞ்சியத்தையே திறந்துவிட்டது. கான்கரரும் அதே ஜூனில் பாஸ்.

கதவு திறந்தால் எல்லோரும் வருவார்கள் இல்லையா? நோக்கியா வந்தது. 2008 செப்டம்பர் 2-ல் கூகுள் குரோமோடு வந்தது, அறிமுகத்துக்கு ஒரு காமிக்ஸ் புத்தகம் வேறு. 2013-ல் கூகுள் வெப்கிட்டிலிருந்து பிரிந்து பிளிங்க் என்று தனிக்குடித்தனம் போனது. போகும்போது தனக்குத் தேவைப்படாத 45 லட்சம் வரிகளை எறியப்போவதாகச் சொன்னார்கள். தாத்தாவே மொத்தம் ஒண்ணே முக்கால் லட்சம்கூட இல்லை, பேரன் எறிகிற குப்பையே 45 லட்சம். அதே வருஷம் ஓபராவும் சொந்த எஞ்சினைக் கைவிட்டு இந்தக் கூட்டத்தில் சேர்ந்தது.

உச்சக்கட்டம் 2018 டிசம்பர். மைக்ரோசாஃப்ட் தன் சொந்த எஞ்சினை விட்டுவிட்டு எட்ஜைக் கூகுளின் குரோமியத்தின் மேல் கட்டப்போவதாக அறிவித்தது, 2020 ஜனவரியில் செய்தும் காட்டியது. 2001-ல் அவர்களுடைய தலைவர் ஸ்டீவ் பால்மர் லினக்ஸைப் புற்றுநோய் என்று திட்டினார், ஞாபகம் இருக்கா? அந்த லினக்ஸ்காரப் பசங்க ஓய்வு நேரத்தில் எழுதினதன் வழித்தோன்றல்தான் இப்போ விண்டோஸில் 'இ' பொத்தானுக்குள் ஓடுகிறது. எக்ஸ்ப்ளோரருக்கு 2022 ஜூன் 15-ல் ஓய்வு கொடுத்தார்கள். தென்கொரியாவில் ஒருவர் அதுக்குக் கல்லறைக் கல்லே வைத்தார், மற்ற உலாவிகளைத் தரவிறக்க நல்ல கருவியாக இருந்தார் என்று பொறித்து. வங்கித் தளங்கள் எக்ஸ்ப்ளோரர் இல்லாமல் திறக்காது என்று பல வருஷம் அவதிப்பட்ட நாடு அது, அந்த உரிமை அவர்களுக்கு உண்டு.

திறமூலம் ஜெயிச்சாச்சு, கொண்டாடலாமா? எனக்கு அரை மனசுதான். நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கு, சரி. ஸ்டீரிங் யார் கையில்? நீட்சிகளுக்கான விதிகளைக் கூகுள் மாற்றியது, 2024, 2025-ல் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பான் குரோமில் படிப்படியா முடக்கப்பட்டது. விளம்பரம் விற்கிற கம்பெனி அல்லவா! நிரலை வேண்டுமானால் நீயே பிரித்துப் பராமரித்துக்கொள் என்பார்கள். மைக்ரோசாஃப்டே தனியாப் பராமரித்துக் கட்டுப்படியாகாமல்தானே இங்கே வந்தது? நாலு பேர் ஓய்வு நேரத்தில் ஒரு எஞ்சினை எழுத முடிந்த காலம் 1,40,000 வரிகளோடு முடிந்துபோச்சு. குடும்பத்துக்கு வெளியே பெரிய எஞ்சின் என்று மிச்சமிருப்பது பயர்பாக்ஸின் கெக்கோ ஒன்றுதான். மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதியைக் கொடுப்பது யார்? அதே கூகுள், தேடுபொறியை முகப்பில் வைப்பதற்காக.

அமெரிக்க அரசு மறுபடி கோர்ட்டுக்குப் போனது, இந்தத் தடவை கூகுள் மேல். குரோமையே விற்கச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். 2025 ஆகஸ்டில் பெர்ப்ளெக்ஸிட்டி என்ற சின்னக் கம்பெனி 3,450 கோடி டாலருக்கு நான் வாங்கிக்கறேன் என்று கை தூக்கியது. செப்டம்பரில் நீதிபதி, விற்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

புது ஆள் ஒருவர் முயற்சி செய்கிறார். லேடிபேர்ட் என்ற உலாவிக்கு 2024-ல் லாபநோக்கில்லாத அமைப்பு ஒன்று தொடங்கி, யார் வீட்டு மாவும் வாங்காமல் முதலிலிருந்து எழுதுகிறார்கள். தொடங்கியவர் ஆண்ட்ரியாஸ் க்ளிங், முன்பு ஆப்பிளில் வெப்கிட் வேலை பார்த்தவர். சுற்றிச்சுற்றிச் சொந்தக்காரங்கதான்!

தாத்தா என்ன ஆனார் என்று கேட்கவே இல்லையே நீங்க? 2024 பிப்ரவரியில் வந்த கே.டி.இ. 6-ல் கே.எச்.டி.எம்.எல். கிடையாது, கழட்டிவிட்டார்கள். கான்கரர் உலாவி இன்னும் இருக்கு, ஆனா உள்ளே ஓடுவது கியூட்டி வெப்எஞ்சின், அதாவது கூகுளின் குரோமியத்திலிருந்து எடுத்தது. அந்த வெப்எஞ்சினும் வாசலில் போய் நின்றால் பேனரை விரித்து, அடைப்புக்குறிக்குள் "கே.எச்.டி.எம்.எல்., கெக்கோ மாதிரி" என்றுதான் சொல்லும்.