மனிதரே சாட்சியாக நின்ற திருமணங்கள்

1928-இல் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் சுக்கிலநத்தம் கிராமத்தில் பெரியார் தலைமையில் ஒரு திருமணம் நடந்தது. புரோகிதர் இல்லை, ஓமம் இல்லை, மந்திரமும் இல்லை. சுயமரியாதைத் திருமணங்களின் வரலாறு அங்கே தொடங்குகிறது.

ஊரார் அப்போது கேட்ட கேள்வியை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். அக்கினி சாட்சி இல்லாமல் கட்டியவன் நாளைக்குக் கைவிட்டுவிட்டால் யாரிடம் போய் நியாயம் கேட்பது? சாமிக்குப் பயப்படாதவன் சொன்ன சொல்லுக்கு எப்படிக் கட்டுப்படுவான்?

என் அப்பத்தாவின் கல்யாணமும் அப்படித்தான் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வேண்டுமென்றே ராகு காலத்தில். இதே கேள்வியை நான் கேட்டபோது அப்பத்தா சொன்னது: "சாமிகிட்டயா சத்தியம் பண்ணுனாரு? என் மூஞ்சியப் பாத்துல்ல சொன்னாரு. மீறுனா எனக்குத்தானய்யா பதில் சொல்லணும்."

சட்டமும் அவர்களுக்குத் துணை நிற்கவில்லை. மதச் சடங்கும் இல்லை, நெடுநாள் வழக்கமும் இல்லை என்பதால் இத்தகைய திருமணம் செல்லாது என்று 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனைவியின் உரிமையும் பிள்ளைகளின் சொத்துரிமையும் கேள்விக்குள்ளாயின. ஒருவன் விலகிப் போக நினைத்தால் அந்தத் தீர்ப்பே அவனுக்குப் போதும். அப்படியிருந்தும் என் தாத்தாவைப் போன்றவர்கள் போகவில்லை. தெய்வ பயமும் சட்ட பயமும் இல்லாத அந்த ஆண்டுகளில் அவர்களைக் கட்டி நிறுத்தியது, தன்னை நம்பி எதிரே நின்ற மனுஷிக்குத் தான் கடமைப்பட்டிருக்கிறோம் என்ற அறிவு மட்டுமே.

அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967-இல் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்க்கும் திருத்தம் நிறைவேறியது. 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உறவினரோ நண்பரோ பிறரோ முன்னிலையில், இருவருக்கும் புரிகிற மொழியில், ஒருவரையொருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்பதாகச் சொன்னால் போதும். மாலையோ மோதிரமோ மாற்றினாலும், தாலி கட்டினாலும் செல்லும். புரோகிதர் கட்டாயமில்லை. முன்பு நடந்த திருமணங்களுக்கும் இது பொருந்தும் என்றார்கள். அப்பத்தாவின் கல்யாணம் அன்றைக்குத்தான் சட்டப்படி செல்லுபடியானது. ஆனால் அதற்குள் அவர்கள் மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியிருந்தார்கள்.

இந்தத் திருமணங்களிலும் சில முறிந்தன. அக்கினியை வலம் வந்தவர்களும் மனைவியைத் தள்ளிவைத்தார்கள். வாக்கு மீறப்பட்டால் வலி ஒரு மனிதருக்கு. அது தவறு என்பதற்கு அந்த வலியே போதுமான காரணம். கடவுளை நம்புகிறவரும் நம்பாதவரும் முதலில் பதில் சொல்ல வேண்டியது அந்த மனிதருக்குத்தான்.