படியாள் தாவாக்கள்: அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம்

பண்ணை வீட்டுக்கும் அதைவிட்டு வெளியேற முயன்ற ஆளுக்கும் இடையே எழுந்த தாவாக்களின் வரலாறு 1843-இல் தொடங்குகிறது. அவ்வாண்டின் ஐந்தாம் சட்டம் யாரையும் விடுவிக்கவில்லை. அடிமை என்று சொல்லி ஒருவர்மீது உரிமை கோரினால் நீதிமன்றம் ஏற்காது என்றதோடு நின்றுகொண்டது. ஒருவரை அடிமையாக விற்பதும் பிடித்து வைப்பதும் 1862-இல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டத்தால்தான் குற்றமாயின. அதற்குள் பிடி இடம் மாறிவிட்டது: ஆளைக் கேட்க முடியாது, ஆள் வாங்கிய முன்பணத்தைக் கேட்கலாம். முன்பணம் வாங்கி வேலைக்கு வராதவரை மூன்று மாதம்வரை சிறையிலடைக்க 1859-ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டது. 1925-இல்தான் அதை நீக்கச் சட்டம் வந்தது.

அடிமை முறை காவிரிப் பாசன நிலத்துக்கு உரியது, வானம் பார்த்த கரிசலில் விடுவிக்க யார் இருந்தார்கள் என்று கேட்பதுண்டு. பாதி சரி. இங்கே ஆண்டு முழுதும் ஆள் தேவைப்படவில்லை. ஆனால் மழை விழுந்த வாரத்தில் ஆள் கட்டாயம் வேண்டும். அதற்காகவே படியாளைக் கடனில் கட்டிவைத்தார்கள். அவர் மனைவி தொழுவம் கூட்டுவதும் பிள்ளை மாடு மேய்ப்பதும் கணக்கில் ஏறாத வேலைகள். தப்ப ஒரு வழி இலங்கைத் தோட்டம். அங்கும் கங்காணியின் முன்பணமும், கடனைக் குறித்த துண்டுச் சீட்டும் கூடவே வந்தன; துண்டு முறை 1921-இல் ஒழிந்தது.

விரும்பி வாங்கிய கடன் ஒப்பந்தம்தானே என்பது இன்னொரு வாதம். அப்போது இவ்வூர்கள் அடங்கியிருந்த இராமநாதபுரம் மாவட்டத்தில் 1931-இல் நாட்டார்கள் ஆதிதிராவிடர்மீதும் தேவேந்திரகுல வேளாளர்மீதும் விதித்த பதினொரு தடைகளைப் பார்த்தால் அந்த வாதம் நிற்காது. பிள்ளைகள் படிக்கக் கூடாது, மிராசுதாரின் மாட்டைத்தான் மேய்க்க வேண்டும். நிலத்தை வாரத்துக்கோ குத்தகைக்கோ எடுக்கக் கூடாது. காலை 7 முதல் மாலை 6 வரை உழைக்க ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணா. இருபுறமும் மனமொத்த ஒப்பந்தம் என்றால் படிப்பையும் குத்தகையையும் தடுக்க வேண்டிய அவசியம் என்ன? குத்தகை கிடைத்த ஆள் பேரம் பேசுவார் என்ற அச்சமே அந்தப் பட்டியலில் தெரிகிறது. அதை அமல்படுத்த நீதிமன்றமும் தேவைப்படவில்லை, ஊர்க்கட்டுப்பாடு போதும்.

1952-இன் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் தஞ்சைக்காக வந்தது; இந்த வறட்டு நிலத்துக்கு அதனால் பயனில்லை. 1976-இன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம்தான் கடனையே ரத்து செய்தது. கடன் கொத்தடிமைக் கடன் அல்ல என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு, அச்சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி, கடன் கொடுத்தவருடையது.