கருங்கோழியில் சேவல் ஏன் அரிது?

அடைக்கோழி குஞ்சுகளோடு இறங்கி வரும் நாளில் எங்கள் வளவுகளில் ஒரு விசாரணை நடக்கும். பேடும் சிவப்பு, வீட்டுச் சேவலும் சிவப்பு. குஞ்சுகளில் ஒன்று மட்டும் வெள்ளை. "இது பக்கத்து வளவுச் சேவல்ட வேலதான்" என்று உம்மம்மாமார் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் நிறம் மட்டும் அதற்குச் சாட்சியாகாது. இதை உலகம் விளங்கிக்கொண்ட கதையில் இலங்கைக் கோழிக்கும் ஓர் இடம் இருக்கிறது.

1850களில் எட்கார் லேயார்ட் என்பவர், தான் இலங்கையில் கண்ட பறவைகளைப் பற்றி எழுதினார். பிரித்தானியர் ஆட்சியில் இங்கு உத்தியோகம் பார்த்தவர் அவர். தோலும் எலும்பும் கறுத்து, இறகு மட்டும் சாதாரணமாக இருந்த ஊர்க்கோழிகளையும் அவர் குறிப்பிட்டார். அவற்றில் முழுக் கறுப்பான சேவலைக் காண்பது மிக அரிது என்றும், கறுப்பும் செம்மஞ்சளும் கலந்த பூனைகளில் கடுவனைக் காண்பது போன்றது என்றும் வியந்தார். கல்கத்தாப் பக்கத்திலும் இதே நிலைதான் என்று எட்வர்ட் பிளைத் கண்டார். சார்ள்ஸ் டார்வின் 1868இல் வெளியிட்ட, வளர்ப்பு விலங்குகளும் தாவரங்களும் பற்றிய நூலில் இருவரின் தகவலும் இடம்பிடித்தன. பட்டிறகுக் கோழி என்னும் சில்க்கி இனத்தில் சேவலும் பேடும் ஒரேயளவு கறுப்பு என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். ஒன்றில் இரு பாலும் கறுப்பு, மற்றதில் பேடு மட்டும் கறுப்பு. காரணம் அவருக்கும் பிடிபடவில்லை.

மெண்டலின் பட்டாணி ஆய்வு 1866இலேயே வெளிவந்திருந்தது. அதன் அருமை 1900இல்தான் உணரப்பட்டது. மெண்டலின் விதி கோழிக்கும் பொருந்தும் என்று 1902இல் காட்டியவர் வில்லியம் பேட்சன். அவரோடு சேர்ந்து உழைத்தவர் ரெஜினால்ட் பன்னெட். எங்கள் உயர்தரப் பிள்ளைகள் கொப்பியில் கீறும் 'பன்னெட் சதுரம்' இவருடைய பெயரில்தான் இருக்கிறது.

இருவரும் 1911இல் வெளியிட்ட ஆய்வில், சில்க்கியைக் கபில நிற லெகோர்ன் இனத்தோடு கலந்து பார்த்திருந்தார்கள். சில்க்கிச் சேவலை லெகோர்ன் பேட்டோடு சேர்த்தபோது, பிறந்த பேடுகள் நல்ல கறுப்பு. சேவல்களில் கறுப்பு மங்கியிருந்தது. சோடியை மாற்றிச் சேர்த்தபோது இரு பாலிலும் கறுப்பு மங்கிவிட்டது.

விளக்கம் இதுதான். தோலைக் கறுப்பாக்கும் பரம்பரை அலகு ஒன்று; அந்தக் கறுப்பை அடக்கும் அலகு வேறொன்று. அடக்கும் அலகு இருப்பது 'இசட்' என்னும் பால் நிறமூர்த்தத்தில். சேவலுக்கு இசட் இரண்டு, பேட்டுக்கு ஒன்றே ஒன்று. ஆகவே பேடு கறுக்க அதன் ஒரு இசட்டில் அடக்கும் அலகு இல்லாதிருந்தால் போதும். சேவலுக்கு இரண்டிலுமே இல்லாதிருக்க வேண்டும். கணக்குக்காக, ஓர் ஊரின் இசட்களில் பத்தில் ஒன்றில் அது இல்லை என்று வைப்போம். பேடுகளில் பத்துக்கு ஒன்று கறுக்கும். சேவல்களில் நூறுக்கு ஒன்றுதான். லேயார்ட் வியந்தது இதைத்தான். அவர் சொன்ன பூனையின் நிறமும் பால் நிறமூர்த்தத்தோடு சேர்ந்தது என்பதை அவர் அறிந்திருக்கவில்லை.

இறகிலும் இதே கணக்கு உண்டு. வரி வரியான இறகுக்குரிய அலகும் இசட்டில்தான் இருக்கிறது. வரியுள்ள பிளைமவுத் ரொக் பேட்டைச் சுத்தக் கறுப்புச் சேவலோடு விட்டால், பிறக்கும் சேவல் குஞ்சுகளின் தலையில் வெள்ளைப் புள்ளி இருக்கும். பேட்டுக் குஞ்சுகளுக்கு இராது. முட்டை பொரித்த அன்றே பிரித்துவிடலாம்.

அந்த வெள்ளைக் குஞ்சுக்கு வருவோம். வெள்ளையில் ஒரு வகை பின்னிடைவானது. சிவப்புத் தாயும் சிவப்புத் தகப்பனும் அதை வெளியே காட்டாமல் சுமக்கலாம். இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்தால் குஞ்சு வெள்ளையாகும். பேடு எந்த வேலியும் தாண்டியிருக்கத் தேவையில்லை.

இதை நாங்கள் கோழிக்காக மட்டும் எழுதவில்லை. பிள்ளையின் நிறத்தைப் பார்த்துத் தாயைப் பற்றிக் குசுகுசுக்கும் பேச்சு எங்கள் ஊர்களில் இன்னும் ஓயவில்லை. தன் மனைவி கறுத்த பிள்ளையைப் பெற்றுவிட்டாள் என்று ஒரு கிராமத்து அரபி நபி (ஸல்) அவர்களிடம் சந்தேகத்தோடு வந்த செய்தி, புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. நபியவர்கள் அவருடைய ஒட்டகங்களைப் பற்றிக் கேட்டார்கள். சிவந்த மந்தையில் சாம்பல் நிற ஒட்டகமும் உண்டு என்றும், அது முன்னைய பரம்பரையின் இழுப்பாக இருக்கலாம் என்றும் அவரே ஒப்புக்கொண்டார். பிள்ளையும் அப்படித்தான் இருக்கலாம் என்று விளங்கப்படுத்தி, பிள்ளையை மறுக்க நபியவர்கள் இடம் கொடுக்கவில்லை.

உங்கள் வளவில் கருங்கோழி இருந்தால், சேவல் எத்தனை, பேடு எத்தனை என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். தோலையும் காலையும் பார்க்க வேண்டும், இறகை அல்ல. எண்ணியதைக் கீழே எழுதுங்கள். எங்கள் வகுப்பில் கரும்பலகையில் போட்டுக் கணக்குப் பார்ப்போம்.