மேசைக் கணினியின் காலம் முடிந்ததா? வீட்டு ஒலிப்பதிவின் கதை



வீட்டில் பாட்டுப் பதிவு செய்ய இனி டேப்லெட் ஒன்றே போதும், மேசைக் கணினிக்கு வேலை இல்லை என்று பலர் சொல்கிறார்கள். டேப்லெட்டை விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்குகிறவர்களும் நம் நடுவில் உண்டு. வாலிபர் சங்கப் பணத்தில் எதை வாங்குவது என்ற பேச்சு நடந்துகொண்டிருக்கும் இந்த நேரத்தில், கொஞ்சம் பின்னோக்கிப் பார்ப்பது நல்லது. ஒரு புதுக் கருவி வந்து பழையதை ஒழித்துவிடும் என்ற பேச்சு நமக்குத்தான் புதிது. ஒலிப்பதிவின் வரலாற்றில் அது பல முறை கேட்ட பேச்சு.

வீட்டுக்குள் வந்த நாடா

தாமஸ் எடிசன் 1877-இல் ஃபோனோகிராஃப் கருவியைச் செய்தார். அதன் பிறகு ஏறக்குறைய எழுபது வருடங்கள் நல்ல ஒலிப்பதிவு என்பது கம்பெனிகளின் கையில்தான் இருந்தது. பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே நேரத்தில் முதலிலிருந்து கடைசிவரை பிழையில்லாமல் பாடி வாசிக்க வேண்டும். ஒருவர் தடுமாறினால் எல்லாரும் மறுபடியும் தொடங்க வேண்டும்.

இந்த நிலைமையை மாற்றியது காந்த நாடா. ஜெர்மனியின் ஏ.இ.ஜி. நிறுவனம் 1935-இல் பெர்லின் கண்காட்சியில் நாடாப் பதிவுக் கருவியைக் காட்டியது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது ஜாக் முல்லின் என்ற அமெரிக்க ராணுவப் பொறியாளர் அப்படிப்பட்ட இரண்டு கருவிகளைத் தன் நாட்டுக்குக் கொண்டுபோனார். வானொலியில் நேரடியாகப் பாடிப் பாடி அலுத்துப்போயிருந்த பிங் கிராஸ்பி அதைப் பார்த்து, ஆம்பெக்ஸ் என்ற சிறு நிறுவனத்துக்கு 50,000 டாலர் கொடுத்தார். 1948-இல் ஆம்பெக்ஸ் கருவிகள் விற்பனைக்கு வந்தன.

அந்த நாடாவை வீட்டு இசையாக மாற்றியவர்கள் கிட்டார் கலைஞர் லெஸ் பாலும் அவர் மனைவி மேரி ஃபோர்டும். ஒரு கிட்டாரைப் பதிவு செய்து, அதைக் கேட்டுக்கொண்டே இன்னொரு கிட்டாரை அதன்மேல் சேர்த்தார்கள். அதன்மேல் மேரியின் குரல். பிறகு அதே குரல் வேறு ஸ்வரத்தில். இரண்டு பேர் ஒரு பெரிய குழுவைப்போல் ஒலித்தார்கள். இந்த முறையில் ஓர் ஆபத்தும் இருந்தது. பத்தாவது அடுக்கில் பிழை செய்தால் முந்தின ஒன்பதும் கெட்டுப்போகும். 1957-இல் ஆம்பெக்ஸ் நிறுவனம் எட்டு டிராக்குகளைத் தனித்தனியாகப் பதிவு செய்யும் கருவியை லெஸ் பாலுக்கு விற்றது. விலை 10,000 டாலர். ஒரு சாதாரணக் குடும்பம் நினைத்துப் பார்க்கவும் முடியாத தொகை.

ஒரு கேசட்டில் ஒரு முழு ஆல்பம்

வீட்டு ஒலிப்பதிவு எளியவர்களுக்குக் கிடைக்க இன்னும் 22 வருடங்கள் ஆயின. 1979-இல் ஜப்பானின் டியாக் நிறுவனம் 'போர்ட்டாஸ்டுடியோ 144' என்ற கருவியை வெளியிட்டது. நம் பெற்றோர் காலத்துச் சாதாரண கேசட்டில் நான்கு டிராக்குகளைப் பதிவு செய்யலாம். விலை சுமார் ஆயிரம் டாலர். மேசைமேல் வைக்கலாம், கையில் தூக்கிப்போகலாம்.

1982 ஜனவரியில் அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், நியூ ஜெர்சியில் தாம் வாடகைக்கு இருந்த வீட்டின் படுக்கையறையில் இந்தக் கருவியை வைத்துப் புதுப் பாட்டுகளைப் பாடிப் பதிந்தார். அவை தம் குழுவினருக்குக் கேட்கக் கொடுப்பதற்கான மாதிரிகள் மட்டுமே. பிறகு பெரிய ஸ்டுடியோவில் முழுக் குழுவோடு அதே பாட்டுகளைப் பதிந்து பார்த்தார்கள். படுக்கையறைப் பதிவில் இருந்த தனிமையும் உருக்கமும் அங்கே வரவில்லை. கடைசியில், உறைகூட இல்லாமல் அவர் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு திரிந்த அந்தக் கேசட்டே 'நெப்ராஸ்கா' என்ற ஆல்பமாக அதே வருடம் வெளிவந்தது.

இதனால் பெரிய ஸ்டுடியோக்கள் மூடப்பட்டுவிடவில்லை. அந்தக் கேசட்டை இசைத்தட்டாக மாற்றவே நிபுணர்களும் பெரிய கருவிகளும் மிகவும் பாடுபட வேண்டியிருந்தது. பாட்டு பிறந்தது சிறிய கருவியில். அது ஊரெல்லாம் கேட்கும்படி உருவானது பெரிய கருவியில். இந்த வேலைப் பங்கீட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் அது திரும்பத் திரும்ப வரும்.

கணினி வந்தது

1983-இல் அமெரிக்க, ஜப்பானிய நிறுவனங்கள் சேர்ந்து 'மிடி' என்ற பொது மொழியை உருவாக்கின. ஒரு நிறுவனத்தின் கீபோர்டு வேறொரு நிறுவனத்தின் கருவியோடு பேச முடிந்தது. 1985-இல் வந்த அட்டாரி எஸ்.டி. கணினியில் மிடி கம்பியைச் செருகும் இடம் உள்ளேயே அமைந்திருந்தது. அதனால் வீட்டுக் கணினி இசைக்கருவிகளை நடத்தத் தொடங்கியது. 1991-இல் வந்த 'புரோ டூல்ஸ்' மனிதக் குரலையும் கணினிக்குள் கொண்டுவந்தது. அப்போது அதில் நான்கு டிராக்குகள்தான். 1996-இல் 'கியூபேஸ்' மென்பொருளுக்குள்ளேயே எதிரொலி போன்ற சாதனங்கள் வந்தன. முன்பு ஓர் அலமாரி நிறையக் கருவிகளாக இருந்தவை ஒரு திரைக்குள் அடங்கின.

வீட்டில் அமைந்த ஸ்டுடியோ என்ன செய்யும் என்பதற்கு நம்மவரில் ஒரு சாட்சி உண்டு. ஏ.ஆர். ரகுமான் 1989-இல் சென்னை கோடம்பாக்கத்தில் தம் வீட்டு வளாகத்திலேயே ஸ்டுடியோ கட்டினார். 1992-இல் வந்த 'ரோஜா' படத்தின் இசை அங்கே உருவானதுதான். நேரத்தை எண்ணி வாடகை கட்ட வேண்டாத இடத்தில் நிதானமாக முயன்று பார்க்க முடிகிறது. வீட்டு ஒலிப்பதிவின் பெரிய லாபம் அது.

அண்மைய உதாரணம், பில்லி ஐலிஷ் என்ற இளம்பெண்ணும் அவர் அண்ணன் ஃபின்னியஸும். லாஸ் ஏஞ்சல்ஸில் பெற்றோர் வீட்டின் சிறிய படுக்கையறையில், கணினியில் அவர்கள் உருவாக்கிய ஆல்பம் 2019-இல் வெளிவந்தது. அடுத்த வருடம் கிராமி விருதுகளில் ஆண்டின் சிறந்த ஆல்பமாகத் தேர்வானது.

டேப்லெட்டின் முறை

ஐபேட் 2010 ஏப்ரலில் விற்பனைக்கு வந்தது. அந்த வருடமே ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு மேடையில் ஓர் ஒப்புமை சொன்னார். அமெரிக்கா விவசாய நாடாக இருந்தபோது வண்டிகள் எல்லாம் லாரிகளாக இருந்தன, நகரங்கள் வளர்ந்தபோது கார்கள் பெருகின, இனி கணினிகளும் லாரிகளைப்போல் சிலருக்கு மட்டுமே தேவைப்படும் என்பது அதன் சாரம். லாரிகள் மறைந்துபோகும் என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

2010 இலையுதிர் காலத்தில் கொரில்லாஸ் இசைக்குழுவின் டேமன் ஆல்பர்ன், வட அமெரிக்கப் பயணத்தின்போது ஓர் ஆல்பத்தின் பெரும்பகுதியை ஐபேடில் உருவாக்கினார். 'தி ஃபால்' என்ற பெயரில் அது அந்த வருடக் கிறிஸ்துமஸ் அன்று ரசிகர்களுக்குக் கிடைத்தது. 2011-இல் 'கராஜ்பேண்ட்' செயலி ஐபேடுக்கு ஐந்து டாலருக்கும் குறைவான விலையில் வந்தது. கைபேசியும் பின்தங்கவில்லை. 2018-இல் புலிட்சர் பரிசு பெற்ற கெண்ட்ரிக் லமாரின் 'டாம்' ஆல்பத்தில் ஒரு பாட்டின் ஆரம்ப இசையை ஸ்டீவ் லேசி என்ற இளைஞர் தம் ஐபோனில்தான் அமைத்தார்.

2021 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனம் ஐமேக் மேசைக் கணினியையும் ஐபேட் புரோ டேப்லெட்டையும் ஒரே நாளில் அறிமுகம் செய்தது. இரண்டுக்குள்ளும் இருந்தது எம்1 என்ற ஒரே சில்லு. 2023 மே மாதம் 'லாஜிக் புரோ' மென்பொருளும் ஐபேடுக்கு வந்தது. ஆகவே டேப்லெட்டுக்குப் பலம் போதாது என்ற வாதம் இனி நிற்காது.

அப்படியானால் வித்தியாசம் எங்கே?

நர்ஸாக வேலை செய்கிற எங்களுக்கு இது பழகிய விஷயம். வார்டில் நோயாளியின் படுக்கையருகே ரத்த அழுத்தத்தையும் காய்ச்சலையும் கையடக்கக் கருவியில் பதிகிறோம். ஆனால் ஷிப்ட் முடிவில் எட்டு நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்து, அடுத்து வருகிறவரிடம் ஒப்படைக்க மேசைக் கணினிமுன் உட்காருகிறோம். ஒன்று ஆளிடம் போவதற்கு. மற்றது எல்லாவற்றையும் ஒரே பார்வையில் பார்ப்பதற்கு.

ஒலிப்பதிவிலும் அப்படித்தான். இருபது டிராக்குகளை மிக்ஸிங் செய்யும்போது பெரிய திரையும் மவுஸும் கொடுக்கும் வசதியை விரல்நுனி கொடுப்பதில்லை. பல டேப்லெட்டுகளில் கம்பி செருக ஒரே துளைதான். மைக் இணைக்கும் பெட்டியைச் செருகினால் சார்ஜ் ஏற்ற இன்னொரு இணைப்பான் வாங்க வேண்டும். கணினிக்கென்று வாங்கிய மென்பொருள் கருவிகள் பல டேப்லெட்டில் ஓடுவதில்லை.

இடமும் கவனிக்க வேண்டியது. நல்ல தரத்தில் ஒரு மைக்கைப் பதிந்தால் நிமிடத்துக்குச் சுமார் 8.6 மெகாபைட் ஆகும். நான்கு நிமிடப் பாட்டுக்குப் பன்னிரண்டு டிராக் என்றால் 400 மெகாபைட்டுக்கு மேல். பத்துப் பாட்டுக்கு நான்கு ஜிகாபைட். ஒவ்வொன்றையும் மூன்று முறை பாடிப் பார்த்தால் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

எந்தக் கருவியானாலும் ஓர் எச்சரிக்கை. கம்பியில்லா இயர்போன் மாட்டிக்கொண்டு பாடிப் பதியாதீர்கள். நம் குரல் நம் காதுக்குத் திரும்ப வரப் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கு விநாடிக்கும் மேல் தாமதமாகும். அந்தத் தாமதத்தில் முப்பது மீட்டருக்கு அப்பால் நிற்கிறவரோடு சேர்ந்து பாடுவதுபோல் தாளம் தள்ளாடும். பத்து டாலர் கம்பி இயர்போன் அதைவிட நல்லது.

2020-இல் ஆலயங்கள் மூடியிருந்தபோது நாமே இந்த வேலைப் பங்கீட்டை அனுபவித்தோம். பாடகர் குழுவினர் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் கைபேசியில் பாடி அனுப்பினார்கள். அந்தக் குரல்களை ஒன்றாகச் சேர்த்து ஒரே பாட்டாக்கியது கணினி. பத்து வருடம் முன்பே, 2010-இல், எரிக் விட்டாக்கர் என்ற இசையமைப்பாளர் 12 நாடுகளிலிருந்து 185 பேர் தனித்தனியாகப் பாடியதைச் சேர்த்து இதே முறையில் ஒரு பாடகர் குழுவை உருவாக்கியிருந்தார்.

எங்கள் கருத்து இதுதான். மேசைக் கணினி முற்றிலும் போய்விடாது; அதன் இடத்தில் மடிக்கணினி இருந்தாலும் வேலை ஒன்றே. ஆனால் பதிவு தொடங்குகிற இடம் மாறிவிட்டது. பதிவு செய்ய டேப்லெட். சேர்க்கவும், திருத்தவும், பத்திரப்படுத்தவும் கணினி. சங்கத்தின் பழைய கணினி இந்த வேலைக்கு இன்னும் தாங்கும். ஆகவே இருக்கிற பணத்தில் ஒரு நடுத்தர டேப்லெட்டும், ஒரு நல்ல மைக்கும், இரண்டு வெளி ஹார்ட் டிஸ்குகளும் வாங்குவதே நல்லது என்று நினைக்கிறோம்.

யாருடைய குரல்?

கருவியைவிட அவசரமான காரியம் ஒன்று உண்டு. நம் கீர்த்தனைப் புத்தகத்தில் வரிகள் இருக்கின்றன. ராகத்தின் பெயரும் தாளத்தின் பெயரும் இருக்கின்றன. மெட்டு எழுதப்படவில்லை. அது நம் சபையில் எண்பது வயதைத் தாண்டிய பாட்டிமார், தாத்தாமாரின் தொண்டையில் இருக்கிறது. ஒரே கீர்த்தனையை இரண்டு ஊர்க்காரர் இரண்டு மெட்டில் பாடுவதை நாமே கேட்டிருக்கிறோம். அவர்கள் ஆலயத்தின் பின்னறைக்கு ஏறி வரமாட்டார்கள். நாம்தான் அவர்கள் வீட்டுக்கும் முதியோர் இல்லத்துக்கும் போக வேண்டும். அங்கே மேசைக் கணினி போகாது, டேப்லெட் போகும்.

போகிறவர்களுக்கு, முதியவர்களோடு பழகிய அனுபவத்தில் சில குறிப்புகள். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு சற்று ஓய்ந்த நேரம் நல்லது. மாலையில் பலர் களைத்துவிடுவார்கள். படுக்கையில் அல்ல, முதுகு நிமிர்ந்த நாற்காலியில் உட்காரவையுங்கள். மூச்சு நன்றாக வரும். பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். காது கருவி போட்டிருப்பவருக்கு ஹெட்போன் மாட்டாதீர்கள், கருவி விசிலடிக்கும். கீபோர்டு தாளத்துக்கு அவர்களை இழுக்காமல், அவர்கள் வேகத்திலேயே தனியாகப் பாடவிடுங்கள். திரையைப் பார்த்துக் கூச்சப்பட்டால் டேப்லெட்டைக் கவிழ்த்து வையுங்கள்; பதிவு நடந்துகொண்டுதானிருக்கும். பாடியவரின் பெயர், ஊர், யாரிடம் கற்றார் என்பதையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். பாட்டை வெளியில் பகிரலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்த அன்றே அதைக் கணினியில் 'வேவ்' கோப்பாகச் சேமித்து, இரண்டு ஹார்ட் டிஸ்குகளில் நகல் எடுத்து, இரண்டு வீடுகளில் வையுங்கள். போர்ட்டாஸ்டுடியோ கேசட்டைச் சாதாரண டேப் ரெக்கார்டரில் போட்டால் பாட்டு பாதி வேகத்தில் இழுத்துக்கொண்டு ஓடும். மறுபக்கம் திருப்பினால் மற்ற இரண்டு டிராக்குகள் தலைகீழாக ஒலிக்கும். அந்தக் கருவி இல்லாத வீட்டில் அந்தக் கேசட் ஊமை. ஒரே செயலிக்குள் மட்டும் பூட்டி வைத்த பதிவுக்கும் ஒருநாள் அதே கதி வரலாம்.

உங்கள் வீட்டிலோ உங்கள் தெருவிலோ பழைய மெட்டு தெரிந்த பெரியவர் இருந்தால், அவர் பெயரை இந்த மாதமே வாலிபர் சங்கச் செயலாளரிடம் கொடுங்கள்.