ஒன்பது அச்சு இயந்திரமும் ஓசை குறைந்த நீர்மூழ்கியும்

சோவியத் ஒன்றியத்தின் படைபலம் பெருகுவதைத் தடுக்க அமெரிக்காவும் அதன் நட்பு நாடுகளும் கையாண்ட வழிகளுள் அதிகம் பேசப்படாதது, 1949இல் உருவாகிப் பாரிசிலிருந்து இயங்கிய கோகாம் என்னும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக் குழுவாகும். கம்யூனிச நாடுகளுக்கு விற்கக்கூடாத பொருள்களைப் பட்டியலிட்ட அக்குழுவுக்கு உடன்படிக்கையோ தண்டிக்கும் அதிகாரமோ இல்லை; பட்டியலைக் காக்கும் பொறுப்பு, தம் நாட்டு ஏற்றுமதி வளர வேண்டுமென விரும்பிய அரசுகளிடமே விடப்பட்டிருந்தது.

சோவியத் நீர்மூழ்கிக் கப்பல்களின் பெருங்குறை அவற்றின் இரைச்சல். உந்துசுழலியின், அதாவது புரொபெல்லரின், இறகுகள் வேகமாகச் சுழலும்போது நீரில் குமிழிகள் தோன்றி உடைவதால் எழும் ஒலியை, கடலடியில் அமெரிக்கா பதித்திருந்த ஒலிவாங்கிகள் நெடுந்தொலைவிலிருந்தே பிடித்துவிடும். இறகின் வளைவை மிக நுண்மையாகச் செதுக்கினால் அவ்வொலி குறையும். அதற்கு, வெட்டும் கருவியை ஒரே நேரத்தில் பல திசைகளில் நகர்த்தவும் திருப்பவும் வல்ல ஒன்பது அச்சு மில்லிங் இயந்திரம் தேவை.

1981இல் ஒப்பந்தமாகி, லெனின்கிராடின் பால்டிக் கப்பல் தளத்திற்கு அத்தகைய நான்கு இயந்திரங்களை ஜப்பானின் தோஷிபா மெஷின் நிறுவனம் அனுப்பியது. அவற்றை இயக்கும் கணினிக் கட்டுப்பாட்டுக் கருவிகள் நார்வேயின் காங்ஸ்பெர்க் நிறுவனத்தினுடையவை. ஏற்றுமதி விண்ணப்பத்தில் இவை தடையில்லாத இரண்டு அச்சு இயந்திரங்கள் என்று எழுதப்பட்டிருந்தன. டோக்கியோ அதிகாரிகளும் அனுமதி வழங்கிவிட்டனர். விற்பனைக்கு இடைநின்ற வணிக நிறுவனத்தில் பணியாற்றிய ஒருவர் 1985 இறுதியில் கோகாமுக்குக் கடிதம் எழுதியிராவிட்டால் செய்தி வெளிவந்திருக்குமா என்பது ஐயமே.

1987இல் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தின் முன் உறுப்பினர்கள் சிலர் தோஷிபா வானொலிப் பெட்டியொன்றைச் சம்மட்டியால் அடித்து நொறுக்கினர். தாய் நிறுவனமான தோஷிபாவின் தலைவர்கள் இருவர் பதவி விலகினர். எனினும் அச்சினத்தைப் பாதுகாப்புக் கவலையாக மட்டும் கொள்வது பொருந்தாது. ஜப்பானுடனான அமெரிக்காவின் வணிகப் பற்றாக்குறை 5,000 கோடி டாலரைத் தாண்டியிருந்த காலம் அது. குறைகடத்தித் தகராற்றில் ஜப்பானிய மின்னணுப் பொருள்கள் சிலவற்றின்மீது 100 விழுக்காட்டு வரி விதிக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். மேலும், இந்த இயந்திரங்கள் வருவதற்கு முன்பே சோவியத் கப்பல்களின் ஓசை குறையத் தொடங்கியிருந்ததால், பழி முழுவதையும் தோஷிபாமீது சுமத்தவும் இயலாது.

1988ஆம் ஆண்டின் வணிகச் சட்டம் தோஷிபா மெஷினின் பொருள்களுக்கு மூன்றாண்டு இறக்குமதித் தடை விதித்தது. தாய் நிறுவனத்திடமிருந்தோ அமெரிக்க அரசு கொள்முதல் செய்வது மட்டுமே தடுக்கப்பட்டது. தோஷிபாவின் உதிரிபாகங்களை நம்பியிருந்த அமெரிக்க நிறுவனங்கள் வாதாடியதன் பயனாக அச்சட்டத்தில் விதிவிலக்குகள் சேர்ந்தன. பாதுகாப்புத் துறைக்கு இன்றியமையாத பொருள்களும் அவற்றுள் அடங்கின.