ஆஸ்திரேலியாவின் தேசியத் துப்பாக்கி உடன்பாடு

ஆஸ்திரேலியாவின் மத்திய அரசும் மாநில, ஆட்சிப்பகுதி அரசுகளும் 1996 மே 10 அன்று ஒன்றுகூடி ஏற்றுக்கொண்ட ஆயுதக் கட்டுப்பாட்டு ஏற்பாடே தேசியத் துப்பாக்கி உடன்பாடு. டாஸ்மேனியா மாநிலத்தின் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பன்னிரண்டே நாளில் இது முடிவானது. துப்பாக்கியைக் கட்டுப்படுத்தினால் வன்முறைக் குற்றம் குறையுமா என்ற வழக்கு உலகில் எங்கே எழுந்தாலும், இரு தரப்பும் கையில் எடுக்கும் சான்று இதுதான். சட்டம் வந்தது, சாவு குறைந்தது என்பார் ஒருவர். அதற்கு முன்பே குறைந்துகொண்டுதானே இருந்தது என்பார் இன்னொருவர். இரண்டு பேச்சிலும் உண்மை உண்டு. எந்தச் சாவைப் பற்றிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும் என்பதுதான் இரு தரப்பும் தாண்டிப் போய்விடும் செய்தி.

போர்ட் ஆர்தர்

போர்ட் ஆர்தர் என்பது பிரிட்டனிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளை 19ஆம் நூற்றாண்டில் அடைத்து வைத்திருந்த ஊர். சிறைக் கட்டடங்களின் இடிபாடுகளைப் பார்க்க இன்றும் சுற்றுலாப் பயணிகள் திரளாக வருகிறார்கள். அங்கே இருந்த உணவகத்தின் பெயர் பிராட் ஏரோ கஃபே. அகன்ற அம்பு என்று பொருள். பிரிட்டிஷ் அரசின் உடைமை என்பதற்கு அடையாளமாகக் கைதிகளின் உடையில் குத்தப்பட்ட முத்திரை அது. 1996 ஏப்ரல் 28, ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் 28 வயது இளைஞன் ஒருவன் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, பையிலிருந்து ஏஆர்-15 வகைத் துப்பாக்கியை எடுத்தான். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. உணவகத்திலும் அதையொட்டிய கடையிலும் 20 பேர் செத்துக் கிடந்தார்கள். பிறகு வெளியே வந்து வண்டி நிறுத்துமிடத்திலும் சாலையிலும் சுட்டான். இறந்தவர்களில் 6 வயது, 3 வயதுச் சகோதரிகளும் அவர்களுடைய தாயும் உண்டு. காயமடைந்தவர்கள் 23 பேர்.

அவன் பெயரைச் சொல்வதை ஆஸ்திரேலியர்கள் பலர் தவிர்க்கிறார்கள். இங்கும் அது வேண்டியதில்லை. தெரிந்துகொள்ள வேண்டியது வேறொன்று: அவனிடம் துப்பாக்கி உரிமமே கிடையாது. ஆனால் அவன் கையிலிருந்த வகைத் துப்பாக்கிகளை டாஸ்மேனியாவில் அப்போது சட்டப்படி விற்கலாம், வாங்கலாம். நீளத் துப்பாக்கிகளுக்கு அங்கே பதிவேடும் இருக்கவில்லை.

இரண்டு நிமிடத்துக்குள் இருபது உயிர் எப்படிப் போனது என்பது புரிய, துப்பாக்கியின் இயக்கத்தைப் பார்க்க வேண்டும். பண்ணைகளில் புழங்கும் போல்ட் வகைத் துப்பாக்கியில் ஒரு குண்டு சுட்டதும் பக்கவாட்டுக் கைப்பிடியைத் தூக்கி, பின்னுக்கு இழுத்து, காலியான தோட்டாக் கூட்டை வெளியே தள்ளி, மீண்டும் முன்னுக்குத் தள்ளிப் பூட்டினால்தான் அடுத்த குண்டு ஏறும். அதற்குள் குறி விலகிவிடும். எதிரே இருப்பவர் ஓடலாம், மேசைக்கு அடியில் புகலாம், பாய்ந்து தடுக்கலாம். அரைத் தானியங்கித் துப்பாக்கியில் அந்த வேலையெல்லாம் துப்பாக்கியே செய்துகொள்கிறது. விசையை அழுத்த அழுத்தக் குண்டு பாயும். மனிதனின் கைக்கு மிச்சமாகும் அந்த ஓரிரு வினாடிகள்தான் உணவகத்தில் இருந்தவர்களுக்கு இல்லாமல் போயின. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் உயிர்நாடி இந்த வினாடிகளில் இருக்கிறது.

முன்னெச்சரிக்கை இல்லாமல் இது நேரவில்லை. 1987இல் மெல்போர்ன் நகரில் மட்டும் ஹாடில் தெருவில் 7 பேர், குயின் தெருவில் 8 பேர் என நான்கு மாத இடைவெளியில் இரு படுகொலைகள் நடந்தன. அவ்வாண்டின் இறுதியில் மாநில முதல்வர்கள் கூடிப் பேசியும் பொதுச் சட்டத்துக்கு இசைவு கிடைக்கவில்லை. டாஸ்மேனியாவில் ஒரு படுகொலை நடந்தால்தான் இந்த நாட்டில் துப்பாக்கிச் சீர்திருத்தம் வரும் என்று நியூ சவுத் வேல்ஸ் முதல்வர் பேரி அன்ஸ்வொர்த் அப்போதே மனம் வெறுத்துச் சொன்னார். மறு ஆண்டு மார்ச் தேர்தலில் அவர் ஆட்சியை இழந்தார். துப்பாக்கி வைத்திருந்தவர்களின் கோபமும் அதற்கு ஒரு காரணம். அந்தத் தோல்வி மற்ற அரசியல்வாதிகளுக்கு வாய்ப்பூட்டாக அமைந்தது.

பன்னிரண்டு நாட்கள்

ஜான் ஹோவர்ட் பிரதமராகி அப்போது இரண்டு மாதம்கூட முடியவில்லை. பழமைவாதக் கூட்டணியின் தலைவர். கிராமப்புற வாக்குகளை நம்பி நின்றவர். துப்பாக்கிச் சட்டம் மாநிலங்களின் அதிகாரம். மத்திய அரசால் கட்டுப்படுத்த முடிந்தது இறக்குமதியைத்தான். இசையாவிட்டால் அரசியலமைப்பைத் திருத்தப் பொது வாக்கெடுப்புக்குப் போவேன் என்று ஹோவர்ட் மாநிலங்களை எச்சரித்தார். எதிர்க்கட்சியான தொழிற்கட்சியும் அவர் பக்கம் நின்றது. மனைவியையும் இரு மகள்களையும் பறிகொடுத்த மருந்துக்கடைக்காரர் ஒருவர், சட்டத்தைக் கொண்டு வாருங்கள் என்று பிரதமருக்கு எழுதிய கடிதம் நாட்டையே உலுக்கியது.

எதிர்ப்பு கிராமங்களிலிருந்து வந்தது. அதற்கு நேருக்கு நேர் முகம் கொடுத்தவர் துணைப் பிரதமர் டிம் ஃபிஷர். வியட்நாம் போரில் காயம்பட்டவர், விவசாயி, கிராமத்தாரின் கட்சியான தேசியக் கட்சியின் தலைவர். சொந்த ஆதரவாளர்களே கூச்சலிட்ட கூட்டங்களில் போய் நின்று சட்டத்துக்காக வாதாடினார். 1996 ஜூன் 16 அன்று விக்டோரியா மாநிலத்தின் சேல் என்ற ஊரில் கொதித்துப்போயிருந்த கூட்டத்தின் முன் ஹோவர்ட் பேசியபோது, பாதுகாவலர்களின் வற்புறுத்தலால் கோட்டுக்குள் குண்டு துளைக்காத கவசம் அணிந்திருந்தார். படங்களில் அது புடைத்துக்கொண்டு தெரிந்தது. சொந்த மக்களைச் சந்திக்கக் கவசம் போட்டுப் போனது தவறு என்று பின்னாளில் அவரே வருந்தினார். கூட்டணி கொடுத்த விலையும் சிறிதல்ல. 1998இல் குயின்ஸ்லாந்து மாநிலத் தேர்தலில் பாலின் ஹான்சனின் ஒன் நேஷன் கட்சி 11 இடங்களைப் பிடித்ததற்குத் துப்பாக்கிச் சட்டத்தின் மீதிருந்த ஆத்திரமும் துணை செய்தது.

உடன்பாட்டின்படி அரைத் தானியங்கி ரைஃபிள்களும், அரைத் தானியங்கி மற்றும் பம்ப் வகை ஷாட்கன்களும் பொதுமக்கள் கைக்கு எட்டாமல் போயின. பண்ணைத் தேவை போன்ற சில குறுகிய விலக்குகள் மட்டும் உண்டு. ஒவ்வொரு துப்பாக்கியையும் பதிவு செய்ய வேண்டும். உரிமம் கேட்பவர் உண்மையான காரணம் காட்ட வேண்டும்: வேட்டை, துப்பாக்கி விளையாட்டுச் சங்க உறுப்புரிமை, பண்ணை வேலை என்று. தற்காப்பு ஒரு காரணமாக ஏற்கப்படாது. அமெரிக்கச் சட்டத்துக்கும் இதற்கும் அடிப்படை வேறுபாடு இந்த ஒரே வரியில் இருக்கிறது. புதிதாக வாங்க 28 நாள் காத்திருக்க வேண்டும். பாதுகாப்புப் பயிற்சி பெற வேண்டும். பூட்டி வைக்க வேண்டும். தனிமனிதர் தனிமனிதருக்கு நேரடியாக விற்கக் கூடாது.

நேற்று வரை சட்டப்படி வைத்திருந்த பொருளை அரசு சும்மா பிடுங்க முடியாது; உடைமையை எடுத்தால் நியாயமான ஈடு தர வேண்டும் என்பது ஆஸ்திரேலிய அரசியலமைப்பின் விதி. அந்தப் பணத்துக்காக மருத்துவக் காப்பு வரி ஓராண்டுக்கு மட்டும் 1.5 விழுக்காட்டிலிருந்து 1.7 ஆக உயர்த்தப்பட்டது. 1996 அக்டோபர் முதல் 1997 செப்டம்பர் வரை சுமார் 6,40,000 துப்பாக்கிகள் ஒப்படைக்கப்பட்டன. நாட்டில் இருந்தவற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. ஒவ்வொரு வகைக்கும் விலைப்பட்டியல். கொண்டுவந்தவருக்குப் பட்டியல்படி தொகை. துப்பாக்கி நசுக்கப்பட்டு இரும்புக் குவியலில் சேர்ந்தது. ஒப்படைத்தவர்களில் பெரும்பாலோர் எந்தக் குற்றமும் செய்யாதவர்கள். யாரோ ஒருவன் செய்ததற்கு நாங்கள் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற அவர்களின் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. அவர்கள் கோபப்பட்டாலும் பெரும்பாலும் கொண்டுவந்து கொடுத்தார்கள். சட்டம் நின்றதற்கு அது முதல் காரணம்.

கணக்கு என்ன சொல்கிறது

உடன்பாட்டுக்கு முந்தைய 18 ஆண்டுகளில், ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் கொல்லப்பட்ட துப்பாக்கிச் சூடுகள் 13 நடந்தன. அதற்குப் பிந்தைய 20 ஆண்டுகளில் ஒன்றுகூட இல்லை. 2018இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆஸ்மிங்டனில் ஒரே குடும்பத்தில் சுட்டவர் உட்பட 7 பேர் இறந்தபோதுதான் அந்தத் தொடர் அறுந்தது. துப்பாக்கியால் நேரும் மொத்தச் சாவு 1996இல் லட்சம் பேருக்கு 2.9 ஆக இருந்தது, 2016இல் 0.9.

இந்த இரண்டாவது எண்ணில்தான் வழக்கு. சைமன் சாப்மன், பிலிப் ஆல்பர்ஸ், மைக்கேல் ஜோன்ஸ் ஆகியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, துப்பாக்கிச் சாவு சட்டத்துக்கு முன்பே ஆண்டுக்கு 3 விழுக்காடு குறைந்துவந்தது, பிறகு 4.9 விழுக்காடு குறைந்தது. சரிவு வேகமெடுத்தது உண்மை. ஆனால் துப்பாக்கி இல்லாத தற்கொலையும் கொலையும் அதே காலத்தில் குறைந்தன. ஆகவே எல்லாப் பெருமையையும் சட்டத்துக்கே எழுதிவிட முடியாது என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். சட்டத்துக்காகப் போராடிய சாப்மனின் கையிலிருந்து இந்த நேர்மை வந்தது என்பதால் அதற்கு எடை கூடுகிறது.

எதிர்த்தரப்பில் ஜீனைன் பேக்கர், சமாரா மெக்ஃபெட்ரன் இருவரும் 2007இல், கொலை வீதத்தில் சட்டத்தின் விளைவு தெரியவில்லை என்று எழுதினார்கள். இருவரும் துப்பாக்கி விளையாட்டு அமைப்புகளோடு தொடர்புள்ளவர்கள். அதனால் மட்டும் அவர்கள் கணக்கு பொய்யாகிவிடாது. வாங் ஷெங் லீ, சாண்டி சுவார்டி ஆகிய பொருளியலாளர்களும் ஏறத்தாழ அதே முடிவுக்கு வந்தார்கள். காரணம் மறைவானதல்ல. ஆஸ்திரேலியாவில் பெரும்பாலான கொலைகள் 1996க்கு முன்பும் துப்பாக்கியால் நடக்கவில்லை. ஏற்கெனவே சிறியதாக இருந்த எண்ணில் ஏற்படும் மாற்றம் சட்டத்தால் வந்ததா, தற்செயலா என்று புள்ளியியலால் பிரித்துச் சொல்வது கடினம்.

மாறாக, துப்பாக்கியால் இறந்தவர்களில் பெரும்பகுதி தங்களையே மாய்த்துக்கொண்டவர்கள். ஆண்ட்ரூ லீ, கிறிஸ்டின் நீல் இருவரும் 2010இல் மாநிலம் மாநிலமாக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதிகத் துப்பாக்கிகள் திரும்ப வாங்கப்பட்ட மாநிலங்களில் துப்பாக்கித் தற்கொலை அதிகமாகக் குறைந்திருந்தது. மொத்தக் குறைவு ஏறத்தாழ 80 விழுக்காடு என்பது அவர்கள் மதிப்பீடு. வேறு வழிச் சாவுகள் அதற்கு ஈடாகக் கூடியதற்கான தெளிவான தடயம் இல்லை. அளவு மிகையோ என்று பிற ஆய்வாளர்கள் ஐயுற்றாலும், போகும் திசையைப் பலரும் ஏற்கிறார்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் பலருக்குச் சில மணி நேரமே நீடிக்கும். அதைத் தாண்டிவிட்டால் வாழ்கிறார்கள். துப்பாக்கி அந்த அவகாசத்தைத் தருவதில்லை. 28 நாள் காத்திருப்பும் பூட்டிய அலமாரியும் தருகின்றன. குற்றத்தைப் பற்றியே தொண்டை வறளப் பேசும் விவாதங்களில் இந்த உயிர்கள் கணக்கில் வராமல் போவது பெருங்குறை.

நியூசிலாந்தை வைத்தும் வாதம் நடந்தது. அங்கே அப்போது ஆஸ்திரேலியாவின் 1996 சட்டம் போன்ற தடை இல்லை. ஆனாலும் 1997க்குப் பிறகு பெரும் படுகொலை இல்லை, பிறகு தடை எதற்கு என்றார்கள். 2019 மார்ச் 15 அன்று கிரைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்டார்கள். கொலையாளி அரைத் தானியங்கிகளைக் கொண்டே சுட்டான். நான்கு வாரத்துக்குள் நியூசிலாந்து நாடாளுமன்றம் 119க்கு 1 என்ற வாக்கில் அவற்றைத் தடை செய்தது.

அமெரிக்காவுக்கு இதை அப்படியே பெயர்த்துக்கொண்டு போக முடியாது. 2017 மதிப்பீட்டின்படி அங்கே மக்கள் கையில் 39 கோடிக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள். தற்காப்புக்காக வீட்டில் வைத்திருப்பது தனிமனித உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2008இல் ஹெல்லர் வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. ஆஸ்திரேலியா சட்டம் இயற்றிய அதே 1996இல், துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் நிதியைச் செலவிடக் கூடாது என்ற டிக்கி திருத்தத்தை அமெரிக்க நாடாளுமன்றம் ஏற்றது. அதன் நிழலில் ஆய்வே இருபது ஆண்டுக்கும் மேல் முடங்கியது. கிடைத்த ஆய்வுகளைத் தொகுத்துவரும் ராண்ட் நிறுவனம், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் துப்பாக்கியை வைக்கச் சொல்லும் சட்டங்களுக்கு வலுவான சான்று இருக்கிறது என்கிறது. அமெரிக்காவிலும் செய்யக்கூடியது ஏதோ உண்டு என்பதற்கு இதுவே போதும்.

உடன்பாட்டின் பிற்காலம்

2002இல் மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் மாணவர் ஒருவர் கைத்துப்பாக்கிகளால் இருவரைக் கொன்றார்; அடுத்த ஆண்டு கைத்துப்பாக்கிகளுக்குத் தனியே திரும்ப வாங்கும் திட்டம் வந்தது. 2017இல் மூன்று மாதப் பொது மன்னிப்புக் காலத்தில் 57,000க்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் வந்து சேர்ந்தன. ஆனாலும் சட்டத்துக்குப் புறம்பான துப்பாக்கிகள் சுமார் 2,60,000 இருக்கலாம் என்று 2016இல் குற்றப் புலனாய்வு ஆணையமே மதிப்பிட்டது. சிட்னியின் கும்பல்கள் ஒன்றையொன்று சுட்டுக்கொள்வதை 1996ஆம் ஆண்டுச் சட்டம் நிறுத்தவில்லை. பதிவு செய்த துப்பாக்கிகளின் எண்ணிக்கையும் ஏறி, இன்று 40 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

2025 டிசம்பர் 14 அன்று சிட்னியின் பாண்டை கடற்கரையில், யூதர்களின் ஹனுக்கா விழாக் கூட்டத்தில் 15 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்ட இருவரும் தந்தையும் மகனும். தந்தையிடம் முறையான உரிமமும் பதிவு செய்த துப்பாக்கிகளும் இருந்தன. ஒருவர் எத்தனை வைத்திருக்கலாம், உரிமத்தை எப்போது மறுபரிசீலனை செய்வது என்ற, 1996இல் தளர்வாக விட்ட கேள்விகள் மறுபடி மேசைக்கு வந்தன. பிரதமர் அந்தோனி ஆல்பனீசி புதிதாகத் திரும்ப வாங்கும் திட்டத்தை அறிவித்தார்.

அவசரமாக முடிக்க வேண்டிய வேலை இன்னொன்று இருக்கிறது. எந்த மாநிலக் காவலரும் எந்தத் துப்பாக்கியையும் ஒரே இடத்தில் தேடிப் பார்க்கும்படியான முழுமையான தேசியப் பதிவேடு இன்னும் இல்லை. நாடு முழுவதும் பதிவு என்று 1996இலேயே ஒப்புக்கொண்டார்கள். மாநிலங்கள் தனித்தனி ஏடுகளோடு நின்றுவிட்டன. 2023 டிசம்பரில்தான் ஒற்றைப் பதிவேட்டுக்கு எல்லா அரசுகளும் இசைந்தன. அது முழுமையாக இயங்கக் குறித்த ஆண்டு 2028.