காவிரி பெண்ணையில் கலக்கும் ஊர்

பெங்களூர் மடிவாளாவில் உள்ள சோமேசுவரர் கோயிலின் வெளிச்சுவரில் 1247ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பேகூர்க்காரர் ஒருவர் பெங்களூர்ப் பெரிய ஏரியின் கீழுள்ள நிலத்தைக் கொடையாகக் கொடுத்த செய்தி அது. ஒரு நிலத்துக்கு அடையாளம் சொல்ல ‘ஏரியின் கீழ்’ என்றுதான் எழுத முடிந்திருக்கிறது. ஆற்றங்கரை என்று சுட்டிக்காட்ட இந்த ஊரில் எதுவும் இல்லை.

காரணம், ஊர் மேட்டில் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் வடக்கு தெற்காக ஓடும் ஒரு நீர்ப்பிரிமேட்டின் இரு சரிவுகளிலும் பெங்களூர் பரந்து கிடக்கிறது. மேற்குச் சரிவில் விழும் மழை விருஷபாவதி வழியாக அர்க்காவதிக்குப் போய், கனகபுராவுக்குத் தெற்கே சங்கமத்தில் காவிரியைச் சேர்கிறது. கிழக்குச் சரிவில் விழுவது ஹெப்பாள், கோரமங்கலா–செல்லகட்டா பள்ளத்தாக்குகளில் இறங்கி, கர்நாடகத்தார் தட்சிண பினாகினி என்றழைக்கும் தென்பெண்ணைக்குப் போகிறது. அர்க்காவதியும் தென்பெண்ணையும் பிறப்பது ஒரே நந்தி மலைப் பகுதியில்தான். ஒன்று மேட்டூருக்கும் மற்றது கடலூருக்குமாக அவை பிரிந்துபோகும் இடைவெளியில்தான் இந்த நகரம் உட்கார்ந்திருக்கிறது.

நதி நீர் வழக்குகளில் காவிரியும் பெண்ணையும் இரண்டு தனி ஆறுகள். நில வரைபடமும் அப்படித்தான் சொல்கிறது. 1974க்குப் பிறகு இது உண்மையல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம். எந்த ஒப்பந்தமும் கையெழுத்தாகாமல், எந்த நடுவர் மன்றமும் உத்தரவிடாமல், பெங்களூரின் குடிநீர்க் குழாயும் சாக்கடையும் சேர்ந்து இரண்டு ஆறுகளையும் இணைத்துவிட்டன.

கெம்பேகவுடா 1537இல் கோட்டை கட்டியபோது ஊர் நம்பியிருந்தவை ஏரிகள். மேட்டிலிருந்து சரியும் நீரை ஓர் ஏரியில் தேக்கி, நிரம்பி வழிவதை ராஜகாலுவே என்னும் பெருங்கால்வாயில் அடுத்த ஏரிக்கு விடும் சங்கிலி அது. தர்மாம்புதி ஏரியின் மேல் இன்று மெஜஸ்டிக் பேருந்து நிலையம் நிற்கிறது. சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டரங்கமாகிவிட்டது. ஏரிகள் போதாமல் போனபோது, திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில், 1894இல் ஹெசரகட்டாவிலிருந்து குழாய் நீர் வந்தது. 1933இல் திப்பகொண்டனஹள்ளி அணை வந்தது. இரண்டுமே அர்க்காவதி நீர்.

காவிரி இந்த ஊருக்கு முதலில் வந்தது மின்சாரமாக. சிவனசமுத்திரத்தில் எடுத்த மின்சாரம் 1905இல் பெங்களூர்த் தெருவிளக்குகளை ஏற்றியது. தண்ணீராக வர மேலும் 69 ஆண்டுகள் ஆயின. 1974இல் முதல் கட்டம். பிறகு 1982, 1993, 2002, 2012 என்று கட்டம் கட்டமாகக் குழாய்கள் பெருத்தன. தொரேகாடனஹள்ளி, ஹாரோஹள்ளி, தாதகுனி என மூன்று இடங்களில் எக்கி எக்கி, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரமும் 500 மீட்டர் உயரமும் கடந்து ஆறு மேட்டுக்கு ஏறுகிறது. மலையிலிருந்து இறங்கிய ஆற்றை மறுபடி மலையேற்றுவதற்கு ஆகும் மின்சாரச் செலவைத் தனிக் கட்டுரையாகவே எழுதலாம். நான்கு கட்டங்களில் நாளொன்றுக்கு 145 கோடி லிட்டர் வந்தது. 2024 மார்ச்சில் ஊரே டேங்கர் லாரிகளின் பின்னால் ஓடிய பிறகு, அக்டோபரில் ஐந்தாம் கட்டம் தொடங்கியது. அதன் கொள்ளளவு 77.5 கோடி லிட்டர்.

முழு அளவும் வந்தால் இரண்டும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 28.7 டிஎம்சி.

இனி சட்டத்தின் கணக்குக்கு வருவோம். காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5ஆம் தேதி அளித்த இறுதித் தீர்ப்பில், குடிநீருக்கு எடுக்கும் அளவில் 20 சதவீதம் மட்டுமே செலவாகக் கணக்கிடப்படும் என்று வகுத்தது. குடித்ததும் குளித்ததும் போக மிச்சம் கழிவாக ஆற்றுக்கே திரும்பும் என்பது இதன் அடிப்படை. திருச்சிக்கோ ஈரோட்டுக்கோ இது பொருந்தும். பெங்களூருக்கு? நகரில் மூன்றில் ஒரு பங்குதான் காவிரிப் படுகைக்குள் வருகிறது என்று அதே மன்றம்தான் சொன்னது. அதனால் அந்தப் பங்குக்கு மட்டுமே தண்ணீரும் ஒதுக்கியது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் இந்தக் கட்டுப்பாட்டை ஏற்கவில்லை. முழு நகரத்தின் தாகத்தையும் கணக்கில் எடுத்து 4.75 டிஎம்சி கூட்டியது. தமிழ்நாட்டின் நிலத்தடி நீரைக் காட்டிக் கூட்டிய 10 டிஎம்சியையும் சேர்த்து, கர்நாடகத்தின் பங்கு 284.75 ஆக உயர்ந்தது, தமிழ்நாட்டுக்கு 404.25 என்றானது.

குடிநீரில் படுகை எல்லை பார்க்கக் கூடாது என்பதில் தவறில்லை. வீட்டு வாசலில் நீர்ப்பிரிமேடு ஓடுகிறது என்பதற்காக ஒரு குடும்பத்துக்குக் குழாய் மறுப்பது மனிதத்தன்மை ஆகாது. சிக்கல், எல்லையை அழித்த கை 20 சதவீத விதியைத் தொடாமல் விட்டதில் இருக்கிறது. எடுக்கும்போது படுகை இல்லை. திரும்பும்போது மட்டும் எல்லாம் காவிரிக்கே திரும்புவதாகப் பாவனை.

தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். 28.7 டிஎம்சியில் ஐந்தில் நான்கு பங்கு கழிவாகி, அதில் மூன்றில் இரண்டு பங்கு கிழக்கே சரிகிறது என்றால், ஆண்டுக்குச் சுமார் 15 டிஎம்சி பெண்ணைப் பக்கம் போகிறது. பரப்பளவும் மக்கள்தொகையும் ஒன்றல்ல, குழாய்க் கசிவும் உண்டு. ஆகவே இதைக் காகிதக் கணக்காகவே கொள்ள வேண்டும். ஆனாலும், சாத்தனூர் அணையின் முழுக் கொள்ளளவு 7.32 டிஎம்சி என்பதோடு ஒப்பிட்டால், இது ஒதுக்கிவிடக்கூடிய சில்லறை அல்ல. உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டிடமிருந்து குறைத்த 14.75க்கும் இதற்கும் வேறுபாடு மிகக் குறைவு.

காவிரி இழந்ததைப் பெண்ணையாவது பெற்றதா? கிழக்குச் சரிவின் கழிவு சேரும் பெல்லந்தூர் ஏரி 2015இல் நுரை பொங்கி எரிந்தது. 2018 ஜனவரியில் மீண்டும் எரிந்தபோது ராணுவ வீரர்கள் இறங்கி அணைத்தார்கள். அங்கிருந்து வர்த்தூர் ஏரி, அங்கிருந்து தென்பெண்ணை, பிறகு ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணை. அங்கே மதகில் வெண்ணுரை மலைபோல் எழும்பும் படங்களை நாளிதழ்கள் ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. தஞ்சாவூர் வயலுக்குப் போக வேண்டிய நீரில் ஒரு பகுதி, ஓசூர் வயலுக்குச் சோப்புநுரையாக வந்து சேர்கிறது. இரண்டு ஆறுகளின் கடைமடையும் தமிழ்நாடுதான் என்பதால், ஒரு கையில் குறைந்தது மறு கையில் அழுக்காக ஏறுகிறது.

பெண்ணைக்கு வரும் அந்த நீரும் நிலையானதல்ல. கோரமங்கலா–செல்லகட்டா பள்ளத்தாக்கின் கழிவுநீரைச் சுத்திகரித்து, 2018 ஜூன் முதல் கோலார் மாவட்ட ஏரிகளுக்கு அனுப்புகிறார்கள். திட்ட அளவு நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர். வறண்ட கோலாருக்கு அது பெரிய ஆறுதல் என்பதை மறுக்க முடியாது. ஆனால் குடகில் பிறந்த நீர் இன்று பாலாறு, பெண்ணைப் படுகைகளின் ஏரிகளை நிரப்புகிறது. இது எந்த ஆற்றின் கணக்கு?

பெண்ணையாற்றுக்கும் வழக்கு உண்டு. அதன் துணையாறான மார்க்கண்டேய நதியின் குறுக்கே யர்கோளில் கர்நாடகம் கட்டிய அணையை எதிர்த்து 2018இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2019 நவம்பரில் இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. நடுவர் மன்றம் அமைக்கக் கோரி மத்திய அரசை நாடச் சொன்னது நீதிமன்றம். தமிழ்நாடு அந்த வழக்கில் ஆதாரமாகக் காட்டிய 1892ஆம் ஆண்டு மைசூர்–மெட்ராஸ் ஒப்பந்தத்தின் அட்டவணையில் காவிரியும் இருக்கிறது, தென்பெண்ணையும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் அந்தக் காலத்து அதிகாரிகளுக்கு இருந்தது.

விருஷபாவதி வழியாகக் காவிரிக்குத் திரும்பும் நீர் மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலு அளவுநிலையத்தில் கணக்காகிவிடுகிறது. கிழக்கே இறங்குவதற்குக் காவிரிக் கணக்கில் இடமே இல்லை. பெண்ணையாற்றுக்கு என்று நடுவர் மன்றம் அமையும்போது, அதன் முதல் வேலை வர்த்தூருக்குக் கீழே ஆண்டுக்கு எவ்வளவு இறங்குகிறது, எந்தத் தரத்தில் இறங்குகிறது என்று அளப்பதாக இருக்க வேண்டும். கிடைக்கும் எண்ணைக் காவிரிப் பேரேட்டில் பற்றாகவும் பெண்ணைப் பேரேட்டில் வரவாகவும் எழுதச் சொல்லித் தமிழ்நாடு கேட்க வேண்டும்.